இசைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

சீவாளி (சுங்கை சிப்புட்)
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். இந்தக் களத்தில் பல ஆண்டுகளாக வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கேள்விக்கு முன் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1974இல் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார். கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தார். அம்மா பாடகி. பின்னாளில் மின்னல் பண்பலை என்று பெயர் மாறிய தமிழ் வானொலியில் அவர் பாடியிருக்கிறார். எங்கள் பக்கத்து இசைக்குழுக்களில் மேடை ஏறாத திருவிழா இல்லை. தோட்டத்துக்காரர்களைப் பொறுத்தவரை இந்த இருவரைவிடப் பெரிய புகழ்பெற்றவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. கடைக்குப் போனால் எனக்கு மிட்டாய்க்குக் காசு வாங்க மாட்டார்கள். அதே கடையில் நான் தோழியோடு சிரித்துப் பேசினால், நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போவார். பகலில் திரும்பியதும் சோற்றுக்கு முன்பு செய்யும் முதல் வேலை, விரல் நுனிகளில் காய்ந்திருக்கும் பாலை உரித்தெடுப்பது. மெல்லிய ஒரு படலம் ஒட்டியிருந்தாலும் நாதஸ்வரத்தின் துளை விரலுக்குத் தெரியாது என்பார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக உரிப்பார். நான் அந்தத் துணுக்குகளைச் சேர்த்துப் பந்து உருட்டுவேன். அப்பாவோடு நான் கழித்த நேரம் என்று கணக்குப் பார்த்தால் பெரும்பகுதி அதுதான். தைப்பூசத்திற்கு அவர் ஈப்போ கல்லுமலையில் இருப்பார். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்களில் இருப்பார். தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்பா தோளில் உட்கார்ந்து சாமி பார்த்தார்கள். நான் சாமிக்கு முன்னால் போகும் அப்பாவைக் கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் பாட்டை ஒலிப்பதிவு செய்யக் கோலாலம்பூரில் வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரிக்கு அழைப்பார்கள். முதல் நாள் இரவே ரயில் ஏறுவார். ஒலிபரப்பாகும் நாளில் எங்கள் வீட்டு வானொலியை வாசலில் வைத்து லயமே கூடிக் கேட்கும். அம்மா மட்டும் வர மாட்டார். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். "ஏம்மா வரவில்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டாவது சரணத்தில் மூச்சு விட்டுவிட்டேன், அது வரப்போகிறது" என்றார். அந்த இடம் வந்தபோது துருவுவதை நிறுத்தினார். வாசலில் யாருக்கும் எந்தக் குறையும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பள்ளியில் எந்த விழா என்றாலும் "உன் அம்மா பாடுகிறவர், நீ கடவுள் வாழ்த்துப் பாடு" என்று முன்னே நிறுத்தினார்கள். எனக்குக் குரல் கிடையாது. சுருதி விலகுவது எனக்கே கேட்கும். குரல் இல்லாதவளுக்குக் காது மட்டும் வாய்ப்பது எத்தனை பெரிய வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றப் பிள்ளைகள் தப்பாகப் பாடிவிட்டு மகிழ்ச்சியாக இறங்கிப் போனார்கள்.

நாதஸ்வரத்தை அப்பா அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு அதில் மனமே இல்லை. விரலில் அடி வாங்கி அடி வாங்கிப் பதினேழு வயதில் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவன், பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்தான்.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நாதஸ்வரம் என் வீட்டு அலமாரியில் உறையோடு இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் செய்த ஆச்சா மரக் குழல். கோயிலில் கேட்கிறார்கள், பேரனுக்குக் கற்றுக்கொடுங்கள், இல்லையென்றால் கோயிலுக்குக் கொடுங்கள் என்று. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பூப்பந்து விளையாடுகிறான். அவனைப் பார்க்கும்போது அண்ணன் முகம் நினைவுக்கு வருகிறது.

என் கேள்வி இதுதான். இசைக்காரர் வீட்டில் பிறந்தவர்கள், அந்த வாத்தியத்தை என்ன செய்தீர்கள்? உங்களை அது என்ன செய்தது?


தவில்காரர் மகன் (பாகான் டத்தோ)
வெள்ளி, இரவு 11.15

அக்கா, உங்கள் அண்ணன் இடத்தில் இருந்தவன் நான். அவர் சார்பில் கொஞ்சம் பேசலாமா?

என் அப்பாவின் தவிலுக்குத் தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமியில் தனிக் கூட்டம் நிற்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கடலைக்காரர்கூட வண்டியை விட்டுவிட்டு வருவார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் குனிந்து என்னிடம் கேட்பார்: "நீ எப்போது வாசிக்கப் போகிறாய்?" எனக்கு ஆறு வயதிலிருந்து அந்தக் கேள்வி. பள்ளியில் முதல் பரிசு வாங்கினேன், அப்போதும் அதே கேள்வி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு இடம் கிடைத்தது, வாழ்த்துச் சொல்ல வந்தவர் வாசலில் நின்று அதையே கேட்டார்.

அப்பா வலக்கை விரல்களுக்குக் கூடு செய்வார். துணியைப் பசையில் நனைத்து விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைப்பது. எனக்கும் ஒரு சின்னக் கூடு செய்து ஜன்னல் கட்டையில் காயவைத்திருந்தார். எத்தனை ஆசையோடு செய்திருப்பார் என்று இப்போது எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகு புரிகிறது. அப்போது அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். சொற்கட்டுத் தப்பினால் இடக்கையில் இருக்கும் கழி என் முழங்கால்மேல் விழும். பூவரசங்கழி. இன்றும் பூவரச மரத்தைக் கண்டால் ஒரு கணம் நின்றுதான் போவேன்.

ஆனால் அவரை ஒரே பக்கமாகக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவரும் அப்படித்தான் அடி வாங்கிக் கற்றார். அடியில்லாமல் கற்றுக்கொடுக்க முடியும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. மேலும் தோட்டம் செம்பனைக்கு மாறி நாங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தபோது, அப்பாவுக்குத் தவில் தொடவே இடம் இல்லாமல் போயிற்று. ஐந்தாவது மாடி. கீழே கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னார்கள், பக்கத்து வீட்டில் பரீட்சை என்றார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். லயத்தில் பின்னால் ரப்பர் மரங்கள் இருந்தன, எத்தனை மணிக்கு வாசித்தாலும் அவை வாங்கிக்கொள்ளும்.

நான் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். உடன் வேலை செய்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், அக்கா.

தவிலை ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சின்னக் கூடு என்னிடம் இருக்கிறது.


கல்லுமலை அடியார் (ஈப்போ)
சனி, காலை 7.05

தங்கச்சிக்கு வணக்கம். மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது.

பையனுக்குக் கற்றுக்கொடுங்கள். இன்று நம் கோயில்களில் பாதிக்குமேல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தீபாராதனைக்கு ஒரு சுவிட்சைத் தட்டினால் மின்சார இயந்திரம் மணியையும் மேளத்தையும் தானே அடிக்கிறது. திருவிழா என்றால் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தற்காலிக அனுமதியில் ஆட்களை வரவழைக்க வேண்டியிருக்கிறது. அனுமதி தாமதமானால், புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி இல்லாமலே சாமி புறப்படுகிறது. இந்த மண்ணில் பிறந்து பால்மரமும் வெட்டி நாதஸ்வரமும் வாசித்த ஒருவரின் வாரிசு பூப்பந்து ஆடினால் போதுமா?

ரவி சங்கரின் மகள் அனுஷ்காவைப் பாருங்கள். சிறு வயதிலேயே தந்தையிடமே சித்தார் கற்றார். இன்று உலக மேடைகளில் அந்தப் பரம்பரை தொடர்கிறது. கற்றுக்கொடுத்ததால்தானே?


கிராணி வீட்டுப் பெண் (கோலகங்சார்)
சனி, காலை 8.30

கல்லுமலை ஐயாவுக்கு: அதே ரவி சங்கருக்கு நோரா ஜோன்ஸ் என்று இன்னொரு மகள் இருக்கிறார். தந்தையோடு வளரவில்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் தாயோடு வளர்ந்தார். சித்தார் வாசிக்கவில்லை. பியானோவும் ஜாஸும் அவருடைய வழி. 2003இல் ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள் வாங்கினார். ஒரே தந்தை, இரண்டு வளர்ப்பு. எதை வைத்து எதை நிரூபிப்பது? இதற்கெல்லாம் எடுத்துக்காட்டுத் தேடினால் நாம் நினைத்ததற்கே கிடைக்கும்.


கல்லுமலை அடியார்
சனி, காலை 8.52

சரி அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ.ஆர். ரஹ்மானை என்ன சொல்வீர்கள்? தந்தை ஆர்.கே. சேகர் இசையமைப்பாளர். 1976இல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. குடும்பம் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தது. பிள்ளை சிறு வயதிலேயே வாசிக்கப் போனான். விருப்பமா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.


கிராணி வீட்டுப் பெண்
சனி, காலை 9.20

கேட்க வழியில்லாத வீடு அது, ஐயா. சோற்றுக்காகப் போன பிள்ளை. அவர் பெரியவர் ஆனார், நமக்குத் தெரிகிறது. அப்படி வாசிக்கப் போய்ப் பெரியவர் ஆகாத பிள்ளைகளின் கதையை யாரும் எழுதுவதில்லை. இன்றைக்குச் சீவாளி அக்கா வீட்டில் கேட்பதற்கு வழி இருக்கிறது. அப்படியிருக்கக் கேட்காமல் விடலாமா?

பவதாரிணியையும் நினைத்துக்கொள்கிறேன். இளையராஜாவின் மகள். பாரதி படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கினார், அதற்கு இசை அப்பா. 2024 ஜனவரியில் அவர் மறைந்தபோது வந்த செய்திகளில் எல்லாம் முதலில் அப்பா பெயர், பிறகுதான் அவர் பெயர். அத்தனை தனியான, குழந்தைத்தனம் மாறாத அந்தக் குரல், அப்பா பெயர் இல்லாமலே யாருக்கும் அடையாளம் தெரியக்கூடியது. எனக்கு அன்று மிகவும் மனம் வலித்தது.


உறுமிச் சத்தம் (சுங்கை சிப்புட்)
சனி, பகல் 1.10

அக்கா, நான் உங்கள் ஊர்தான். எனக்கு 24 வயது. நாதஸ்வரம், வானொலி என்று நீங்கள் சொல்வது மரியாதையான புகழ். என் அப்பா உறுமி மேளக் குழு வைத்திருக்கிறார். யூடியூபில் அவருடைய காணொளிகளை நிறையப் பேர் பார்க்கிறார்கள். கல்லூரியில் என் பெயர் தெரியாதவர்கள்கூட "இன்னார் மகள்" என்று அறிவார்கள். அதே வாயால், "உறுமிக்காரர்கள் என்றாலே சண்டைதான்" என்றும் என் எதிரிலேயே சொல்வார்கள். என் அப்பா குடிப்பதில்லை. வாசிக்கப் போகும் வாரத்தில் விரதம் இருப்பார். இதை எத்தனை பேரிடம் விளக்குவது?

சிறு வயதில் எனக்கு அப்பாவைக் கண்டால் பயம். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த முனகலை எழுப்புவார். எதிரே நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா, எனக்குத் தலை பின்னிவிட்டவர், கண் செருகி அருள் வந்து ஆடுவார். என் அப்பாவின் கை மனிதர்களை வேறு ஆளாக மாற்றுகிறது என்று நினைத்தேன். வீட்டில் அவர் என் தலையைத் தொட்டால் உடம்பு விறைத்துப் போகும். அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. மகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். பதினைந்து வயதில்தான் அம்மாவிடம் சொன்னேன். அன்று மாலை அப்பா உறுமியை என் மடியில் வைத்து, குச்சியை என் கையில் கொடுத்து, "நீயே தேய்த்துப் பார். இது தோல், இது குச்சி, வேறு ஒன்றும் இல்லை" என்றார். முதலில் வெறும் கீறல் சத்தம்தான் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் வாசிப்பவள் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு மாலை வேண்டியிருந்தது. உங்கள் மகனிடம் குழலைக் கொடுத்துவிடுங்கள், கற்றுக்கொள்வதற்காக இல்லை, தொட்டுப் பார்ப்பதற்காக.


ஓய்வுபெற்ற ஆசிரியர்
சனி, மாலை 5.45

முப்பது ஆண்டுகளுக்குமேல் தமிழ்ப்பள்ளிகளில் பணி செய்தேன். முதல் பதிவை வாசித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. கடவுள் வாழ்த்துப் பாடச் சொல்லிப் பிள்ளைகளை முன்னே நிறுத்திய ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பள்ளியில் ஒரு நாடக, இசைக் கலைஞரின் மகன் படித்தான். அப்பாவின் குரல் பிரசித்தம். பரிசளிப்பு விழாவிற்குப் பெரிய மனிதர்கள் வந்தால் அவனை மேடையில் ஏற்றி அப்பா பாடிய மெட்டைப் பாடச் செய்வோம். அவனுக்கு ஊக்கம் கொடுப்பதாக நம்பினேன். ஒருநாள் விழாவன்று அவன் வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். ஆயாக் கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) பின்னால் ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். நான் அவனைக் கடிந்துகொண்டு மேடையேற்றினேன். பாடினான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்தும், பாட்டின் உருக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் ஓவியம் வரைவான். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்கள் நிறைய வரைந்திருப்பான். அதற்காக அவனை அடித்திருக்கிறேன்.

மகளே, உங்களை நிறுத்தியவர் நான் இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்கிறேன்.


தவில்காரர் மகன்
சனி, இரவு 8.20

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஒரு வேலை விஷயம். குழலை அப்படியே உறையில் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்சாதன அறை என்றால் மரம் வெடிக்கலாம். அடியில் இருக்கும் அணசையும், மேலே சீவாளி பொருத்தும் கெண்டையையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். தெரிந்த ஒரு வித்வானிடம் காட்டுவது நல்லது. வாசிக்கப் போகிறவர் யார் என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம், மரம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.


கிராணி வீட்டுப் பெண்
சனி, இரவு 8.41

ஒன்று கேட்கலாமா அக்கா? "எனக்குக் கொடுக்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு ஆசை இருந்ததா? மகன், அண்ணன், கோயில் என்று எல்லாரையும் பற்றிப் பேசிவிட்டோம்.


சீவாளி
ஞாயிறு, இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, நீங்கள் கேட்ட மன்னிப்பை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் ஒருநாள் முழுவதும் இருந்தேன். வாங்கிக்கொண்டேன்.

கிராணி வீட்டு அக்காவின் கேள்விக்குப் பதில்: இருந்தது. நிறைய இருந்தது. அண்ணன் திண்ணையில் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த வரிசையைப் பாத்திரத்தின் விளிம்பில் விரலால் வாசிப்பேன். அவன் எங்கே தப்பப்போகிறான் என்று முன்கூட்டியே தெரியும். மூச்சு நுரையீரலை வருத்தும், பெண்பிள்ளைக்கு ஆகாது என்று அப்பா சொன்னார், நம்பினேன். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி என்று ஒரு பெண் தமிழ்நாட்டில் அந்தக் காலத்திலேயே நாதஸ்வரம் வாசித்துப் பெயர் வாங்கியிருந்தார் என்பது எனக்கு நாற்பது வயதில் தெரிந்தது. 2021இல் காலீஷாபி மகபூப் தம் கணவரோடு பத்மஸ்ரீ வாங்கினார். அந்தச் செய்தியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் திருமணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று அப்பா வாசிக்க முடியாது, பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும். வேறு செட்டு வாசித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் விரல்கள் என் மணிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பதற்றம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். வாசிப்பவர் எந்த இடத்தில் பிசிறினாரோ அந்த இடத்தை அப்பா என் கையில் சரியாக வாசித்தார். எனக்கு அப்பா கற்றுக்கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

நேற்று மாலை உறுமித் தங்கை சொன்னபடி மகன் கையில் குழலைக் கொடுத்தேன். ஊதினான், காற்றுத்தான் வந்தது. கனமாக இருக்கிறது என்றான். பிறகு, "அம்மா, நீங்கள் ஊதுங்கள்" என்றான். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குழலின் நுனியில் பொருத்தி ஊதும் நாணல் சீவாளியை நனைத்து வாயில் வைத்தேன். சத்தம் வந்தது, அக்கா. சுருதி இல்லை, அழகு இல்லை, ஆனால் சத்தம் வந்தது. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசையில் நாலு வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றுவிட்டார்கள். கடைசி வீட்டுப் பாட்டி, அப்பாவோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர், செருப்புக்கூடப் போடாமல் வந்தார்.

இரவு அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்த இழையையும் அனுப்பினேன். தவில்காரர் தம்பி எழுதியதைப் படித்திருக்கிறான் போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ரயிலில் வருகிறேன், நிலையத்துக்கு வந்துவிடு என்றான். ஈப்போவிலிருந்து ஒரு வித்வானும் அன்று குழலைப் பார்க்க வருகிறார். கோயிலில் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் போனை வைக்கும் முன்பு ஒன்று கேட்டான்: "நூலில் எத்தனை சீவாளி மீதி இருக்கிறது?"

எழுந்து போய் எண்ணினேன். ஆறு. ஒன்று நேற்று நான் ஊதியது, இன்னும் ஈரமாக இருந்தது.